உபதேசியாரின் ஐந்தாம் முழுக்கு

காலை ஆறு பத்து. ஆம்பூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே இருந்த தோல் பதனிடும் ஷாப்பின் ஊறல் தொட்டியில் நான் முதலில் பார்த்தது ஒரு கை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நனையாமல் தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நின்றது. விரல்களுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடி. கைக்குச் சொந்தக்காரர் தண்ணீருக்கு அடியில் இருந்தார். தொட்டியைச் சுற்றி ஒன்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். பத்தாவது ஆள் தொட்டிக்குள் இடுப்பளவு நீரில் நின்று அவரை அழுத்திப் பிடித்திருந்தார்.

நான் அப்போது ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. வேலை முடிந்து ஷாப்பு வழியாகக் குறுக்கே வீட்டுக்குப் போவது வழக்கம். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டும் இருந்ததால், ஒரு மனிதர் தண்ணீருக்கடியில் இருக்கும்போது அப்படியே தாண்டிப் போக முடியவில்லை. நின்றேன். ஐந்து வினாடியில் அவர் எழுந்தார். வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்த சிரிப்புகளில் அவ்வளவு நனைந்த சிரிப்பு வேறில்லை.

அவர் பதினான்கு வருஷம் மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாதிரி ஐயருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. கொழும்பிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், தலையில் தெளிப்பது போதாது, ஆள் முழுவதும் முழுக வேண்டும் என்று பேசியதைச் சந்தை மைதானத்தில் கேட்டார். மறுநாளே கிண்ணத்தைக் கழுவி ஐயரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதமே மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. மறுபடி முழுக்கெடுப்பவர் உபதேசியாரோ வாத்தியாரோ, யாரானாலும் மிஷனில் வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். வேலை போனாலும் பெயர் போகவில்லை. ஊர் அவரைக் கடைசிவரை உபதேசியார் என்றே கூப்பிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆறு பத்து, அதே தொட்டி, அதே ஆள். வெள்ளிக்கிழமை முஸ்லிம் முதலாளிகளின் ஷாப்புகளுக்கு விடுமுறை. அன்றுதான் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவார்கள். ஷாப்பு சாயபு பெரிய மனசுக்காரர். எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று தொட்டியைக் கொடுத்திருந்தார். ஷாப்பில் வேலை செய்கிறவர்கள்தான் உபதேசியாரின் சபை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். அதனால் அவர் சபை கூடியதும் வெள்ளிக்கிழமைதான். முழுக்கெடுத்தவர்கள் ஒரு வாரம் தோல் நாற்றம் அடித்தார்கள். ஆம்பூரில் அதை வைத்து யாரையும் அடையாளம் கண்டுவிட முடியாது.

போன வாரம் முழுகியவர் இந்த வாரம் ஏன் மறுபடி முழுகுகிறார் என்று விசாரித்தேன். காரணம் ஏசடியான். தோலைத் தூக்கிச் சுண்ணாம்புக் குழியில் போடுகிற ஆள், சபையில் முதல் பேர், வாயிலும் முதல். வேலை நடுவே வேடிக்கையாகக் கேட்டிருக்கிறான்: "எல்லாம் முழுகிச்சு, கண்ணாடி புடிச்ச கை முழுகலியே ஐயா. அது மட்டும் தனியா நரகத்துக்குப் போவுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. கையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்றது சரிதான்" என்றார். இரண்டாம் முழுக்கின்போது கண்ணாடி ஏசடியான் கையில் இருந்தது.

அவரைப் பற்றி எழுத வேண்டியது உண்மையில் இந்த ஒன்றுதான். தான் சொன்னது தப்பு என்று பட்டுவிட்டால் அதை அரை மணி நேரம்கூட அவரால் உள்ளே வைத்திருக்க முடியாது. எங்கே தப்பைச் சொன்னாரோ அங்கேயே போய், எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ அவ்வளவு சத்தமாகத் திருத்துவார். ஒரு வெண்கலக் கைமணி வைத்திருந்தார். சந்தைக்கு எதிரே புளியமரத்தடியில் அது கேட்டால், ஒன்று புது சத்தியம், இல்லாவிட்டால் பழைய தப்பு. எதுவாயிருந்தாலும் கூட்டம் கூடியது. தப்பு நாளில் கூட்டம் ஜாஸ்தி.

மூன்றாம் முழுக்கு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரால் நேர்ந்தது. பிதா, குமாரன், ஆவி மூவருக்கும் ஒவ்வொரு முறையாக மூன்று முறை முழுக வேண்டும், மல்லாந்து அல்ல, குனிந்து வணங்குகிற மாதிரி முன்பக்கமாக, என்று அவர் வாதாடினார். உபதேசியார் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு தோற்றுப்போய் அந்த ஆளைக் கட்டிக்கொண்டார். வாதத்தில் தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை சபை முழுவதும் மறுபடி தொட்டியில் இறங்கியது. அதை ஒரு முழுக்கு என்று உபதேசியார் வைத்துக்கொண்டார். ஏசடியான் மட்டும் தன் வரையில் அது மூன்று என்று சாதித்தான்.

அன்று சாயபுவும் வந்து நின்று பார்த்தார்.

"என் தோலுக்கே ஒரு முறை இருக்குது உபதேசியாரே" என்றார். "மொதல்ல நல்ல தண்ணி. அப்புறம் சுண்ணாம்பு. அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணி. அதுக்கு மேல ஊறினா தோல் கெட்டுப்போவும்."

உபதேசியார் தலை துவட்டிக்கொண்டே சொன்னார்: "தோலுக்கு இன்னா வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சாயபு. எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் தொட்டியைக் காலி பண்ணிட்றேன்."

நான்காம் முழுக்கு என் கண் முன்னாலேயே, இரண்டாம் பிளாட்பாரத்தில் ஆரம்பித்தது. குடியாத்தத்து நெசவாளி ஒருவர் முந்தின நாள்தான் முழுக்கெடுத்திருந்தார். அவரைப் பத்தேகால் பாசஞ்சரில் ஏற்றிவிட உபதேசியார் வந்தார். வரும் வழியில் தபாலாபீசில் அவருக்கு ஒரு சிறு பிரசுரம் கிடைத்தது. முழுக்கை இயேசுவின் ஒரே நாமத்தில்தான் கொடுக்க வேண்டும், மூன்று நாமம் சொல்வது சரியல்ல என்பது அதன் சாரம். வண்டி நிற்கும்போது முதல் பக்கத்தில் இருந்தார். கார்டு கொடியை எடுக்கும்போது மூன்றாம் பக்கத்தில் இருந்தார். வண்டி நகர்ந்ததும் பிரசுரத்தை மடித்தார். ஓட ஆரம்பித்தார்.

அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேட்டி காற்றில் பறக்க, பிளாட்பாரத்தின் கோடி வரை ஓடினார். நேற்றுக் கொடுத்த முழுக்கு செல்லாது, இறங்கு என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நெசவாளிக்கு என்ன கேட்டதோ தெரியாது. ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த ஸ்டேஷனான பச்சகுப்பத்தில் இறங்கி, தண்டவாளத்தோடு நடந்து ஒன்று இருபதுக்கு ஆம்பூர் திரும்பினார். யாரும் சாகவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் அடுத்த வெள்ளிக்கிழமைவரை தங்கி, உபதேசியாரோடும் சபையோடும் சேர்ந்து மறுபேச்சில்லாமல் மறுபடி முழுகினார்.

ஊர் சிரிக்கிறதே என்று அன்று அவரிடம் கேட்டேன். மூச்சு இன்னும் அடங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க ஒரு தந்தியைத் தப்பா அடிச்சிட்டீங்க. அது தப்புன்னு தெரியுது. ஆபீசருக்கு வெக்கப்பட்டுக்கினு சும்மா இருப்பீங்களா?"

திருத்தித் தந்தி கொடுப்போம் என்றேன்.

"அதுக்குத்தான் ஓடினேன்" என்றார்.

சபையில் ஒருவர் மட்டும் ஒரு தடவையும் முழுகவில்லை. அவர் மனைவி.

அந்த அம்மாள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. உபதேசியாரின் வேலை போனபின் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அம்மாளின் சம்பளத்தால்தான். பள்ளிக்கூடத்தின் சிலேட்டு அலமாரி, புத்தக அலமாரி, கூடத்துக் கதவு எல்லாவற்றின் சாவியும் ஒரே கொத்தாக அவர் இடுப்பில் தொங்கும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே சத்தம் கேட்கும்; பெண் பிள்ளைகள் நேராக உட்கார்ந்துகொள்ளும். குழந்தையில் தலையில் தெளித்த ஞானஸ்நானத்தோடு இருந்தார். கணவர் முழுகும் ஒவ்வொரு தடவையும் துவட்டத் துண்டு கொண்டுவந்தார். தொட்டிக்குள் மட்டும் இறங்கவில்லை.

அவர் சொன்ன காரணம் ஆம்பூர் முழுக்கத் தெரிந்தது. "நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க. எது கடைசியோ அதுல நான் ஒரே தடவை முழுகிக்கிறேன். உங்களை மாதிரி நாலஞ்சு தடவை நனைய எனக்கு ஒடம்பு ஒத்துக்காது."

ஊர் இதற்கும் சிரித்தது. உபதேசியாரும் கூடச் சிரித்தார். ஆனால் அவர் நம்பிக்கைப்படி முழுகாதவருக்கு மோட்சம் இல்லை. பெருங்கூட்டத்தில் ஊருக்கெல்லாம் மோட்ச வழி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய், வழியில் நிற்காத ஒருவர் பரிமாறுகிற சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். வாந்திபேதி கண்ட வருஷம் அந்த உறுத்தல் வெளியே வந்தது. அவர்கள் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீட்டில் சாவு. உபதேசியார் பள்ளிக்கூடத்துக்கே போய் வகுப்பு வாசலில் நின்றார். இன்றைக்கே, இப்போதே முழுகிவிடு என்று கெஞ்சியிருக்கிறார். நாற்பது பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழுகறேன். இப்ப எது சரி, சொல்லுங்க. ஒரு தடவையா, மூணு தடவையா? முன்னாலயா, பின்னாலயா?"

அந்த வாரம் உபதேசியாருக்குத் தொட்டியைப் பற்றியே ஒரு சந்தேகம் வந்திருந்தது. இன்னும் தீரவில்லை. தீராததைத் தீர்ந்தது என்று சொல்ல அவரால் முடியாது. மனைவியின் மோட்சத்துக்காகக்கூட முடியாது. திரும்பி நடந்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் நேரவில்லை. உபதேசியார்தான் பதினைந்து நாளில் பாதியாக இளைத்துப்போனார்.

சந்தேகம் தீர்ந்த அன்று மணி அடித்தது. இந்த முறை யாரும் வந்து வாதாடவில்லை. தானே தன்னைத் தோற்கடித்திருந்தார். யோர்தான் ஓடுகிற ஆறு. தொட்டித் தண்ணீர் நிற்கிற தண்ணீர். நிற்கிற தண்ணீரில் கொடுத்த முழுக்கு எதுவும் செல்லாது, என்னுடையதும் சேர்த்து என்றார். சபைக்கு இனி திருவிருந்து கிடையாது, கொடுக்கிறவனே முழுகாதவன் என்றும் சொன்னார்.

கூட்டத்திலிருந்து ஏசடியான் கேட்டான்: "சரி ஐயா. பாலாத்துல தண்ணி எப்ப வர்றது?"

ஆம்பூரில் பாலாறு என்பது அரை மைல் அகல மணல். மாட்டுவண்டி குறுக்கே போகும். தோண்டினால் ஊற்று வரும், ஊற்று ஓடாது. தண்ணீர் ஓடுவது நல்ல வருஷத்தில் மூன்று நாலு நாள். கெட்ட வருஷத்தில் அதுவும் இல்லை. ஒருவர், மாடு பூட்டி இறைக்கும் கிணற்றுக் கவலை நீர் ஓடும் வயல் வாய்க்காலைச் சொன்னார். உபதேசியார் அதையும் தட்டவில்லை; ஏசடியானை அதில் படுக்க வைத்துப் பார்த்தார். வயிறு நனைந்தது, முதுகு நனையவில்லை. புரட்டினால் முதுகு நனைந்தது, வயிறு காய்ந்தது. அதற்குள் கவலை மாடு பின்னால் நடக்க, வாய்க்காலில் நீர் நின்றுவிட்டது. ஓடுகிற தண்ணீர் என்ற கணக்கே கெட்டது. ஏசடியான் சேற்றோடு எழுந்து, யோர்தானில் மாடு கிடையாதா என்று கேட்டான்.

அன்று மாலை அந்த அம்மாள் கணவரிடம் ஒரே கேள்வி கேட்டார். "இதுதான் கடைசியா?"

"இதுதான் கடைசி."

"அப்ப சரி. ஆத்துல தண்ணி வரட்டும், நானும் வர்றேன்."

கெட்டிக்கார வாத்தியாரம்மா, பாலாற்றை நம்பி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஊர் மெச்சியது. சாயபு தன் கடைப் பிள்ளைகளிடம், வியாபாரத்தில் இந்த மாதிரி வாய்தா வாங்கத் தெரிய வேண்டும் என்றாராம். இரண்டு வருஷம் ஆறு வரவில்லை. இருபது பேர் இருந்த சபை பதினொன்றாக வற்றியது. பல பேர் மிஷனுக்கே திரும்பிப் போனார்கள். உபதேசியார் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆற்றங்கரைக்குப் போய் மணலைப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் வருஷம், ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபத்தைந்து. வாணியம்பாடி ஸ்டேஷனிலிருந்து தந்தி வந்தது. மைசூர்ப் பக்கம் பலத்த மழை. ஐந்து நாற்பதுக்குப் பாலாற்றில் தண்ணீர் வாணியம்பாடியைத் தாண்டிவிட்டது. பாலத்துக்குக் காவல் போடவும். நான் போடவேண்டிய காவலுக்குச் சொல்லியனுப்பினேன். பிறகு மேலதிகாரி யாரும் சொல்லாத ஒரு காரியம் செய்தேன். போர்ட்டரை உபதேசியார் வீட்டுக்கு ஓடவிட்டேன். போகும் வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான்.

எட்டரைக்குக் கரையில் ஊரே நின்றது. ஆறு வருவதைப் பார்ப்பது எங்களுக்குத் திருவிழா. பெண்கள் மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரத்தட்டோடு புதுத் தண்ணீருக்காக நின்றார்கள். சாயபு ஷாப்பை மூடிவிட்டுக் குடையோடு வந்திருந்தார். தோல் தூக்குகிறவர்கள் முழங்கால் வரை சுண்ணாம்போடு அப்படியே வந்திருந்தார்கள். உபதேசியார் வெள்ளை வேட்டியில், கையில் மணியோடு, மணலின் நடுவில் நின்றார். பின்னால் பதினொரு பேர்.

ஒன்பது ஐந்துக்கு வந்தது. வெள்ளம் என்று சொல்ல முடியாது. பழுப்பு நுரையும் சுள்ளியும் சருகுமாக ஒரு நாக்கு, மனிதர் நடக்கும் வேகத்தில் மணலை நக்கிக்கொண்டு வந்தது. கூட்டம் அதன் முன்னால் பின்னோக்கி நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கணுக்கால் அளவு. உபதேசியார் ஒரு கம்பால் அளந்தார். போதாது. ஒன்பதரைக்கு முழங்கால். போதாது. பத்தேகாலுக்குத் தொடை. சாயபு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கரையிலிருந்து சொன்னார்: "உபதேசியாரே, சீக்கிரம் ஆவட்டும். மேல மழை ஜாஸ்தி. இன்னும் அரை மணி போனா முழுக்கு இருக்கும், ஆள் இருக்க மாட்டான்."

அப்போதுதான் தெரிந்தது, இரண்டு வருஷம் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. முதலில் யார் யாருக்குக் கொடுப்பது? முழுகினவர்தான் முழுக்குக் கொடுக்கலாம் என்பது உபதேசியாரின் போதனை. ஓடுகிற தண்ணீரில் முழுகின ஆள் அந்த ஆற்றில் ஒருவரும் இல்லை. ஏசடியானைக் கேட்டார்கள். தனக்கு மொத்தம் ஐந்து ஆகியிருக்கிறது, ஆனால் ஐந்தும் தொட்டிக் கணக்கு என்று அவன் கையை விரித்தான். உபதேசியார் தண்ணீரில் நின்றபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

அந்த அம்மாள் கரையிலிருந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக்கு உடுத்துகிற அதே கஞ்சி போட்ட சேலை. அவர் வருவது யாருக்கும் கேட்கவில்லை. நேராகக் கணவரிடம் போனார்.

"கண்ணாடியைக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தார். அதை அவர் ஏசடியானிடம் நீட்டினார்.

"உனக்குக் குடுக்க உரிமை இல்லையே" என்றார் உபதேசியார். "உன் மேல தெளிச்சதுதானே."

"தெளிச்சதுதான். ஆனா உங்க நாலு தப்புல ஒண்ணும் நான் பண்ணலியே. குனிங்க."

கரையில் சாயபு குடையைத் தாழ்த்தினார். உபதேசியார் தோற்கும்போது முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், பிளாட்பாரத்தில் பார்த்திருக்கிறேன். அதே முகம் வந்தது. எந்தப் பெயரில் என்று அந்த அம்மாள் கேட்டார். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு என்றார் அவர். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று என்னால் எழுத முடியாது. நான் இருபதடி தள்ளி நின்றேன். ஆறு சத்தமாக இருந்தது. உபதேசியார் தண்ணீருக்குள் போனார். மல்லாந்தும் போகவில்லை, குனிந்தும் போகவில்லை. ஆறு அவரைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. இரண்டு கையும் சேர்ந்து முழுகின. எழுந்தார்.

"இப்ப நான்" என்றார் அந்த அம்மாள். "ஒரே தடவை. சொல்லிட்டேன்."

அவர் எழுந்தபோது கரையில் மஞ்சள் தட்டு வைத்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். புது ஆற்றுக்கா, வாத்தியாரம்மாவுக்கா என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஏசடியான் தன் ஆறாவது முழுக்குக்காக, கண்ணாடியைச் சாயபு கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். பதினொரு பேரும் பதினொரு நிமிஷத்தில் முழுகினார்கள். பத்து ஐம்பத்திரண்டுக்குக் கடைசி ஆளைக் கயிறு போட்டு இழுத்தோம். பதினொன்றுக்கு அந்த இடத்தில் ஆள் உயரத் தண்ணீர்.

அந்த வெள்ளிக்கிழமை புளியமரத்தடியில் மணி அடித்தது. முழுக்குக் கொடுக்கிறவர் யார் என்பதில் தான் இத்தனை நாள் சொன்னது தப்பு என்று உபதேசியார் சத்தமாகச் சொன்னார். அதற்கப்புறம் முழுக்கைப் பற்றி அவர் மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. நான் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆம்பூரில் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு வரி வந்தது.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையை நான் பிறகு ஒரு நாள் ஸ்டேஷனில் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆறு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே, வாத்தியாரம்மாவின் சாவிக்கொத்து தன் மேஜைமேல் இருந்தது என்றார்.